கேட்டுவிட்டுத் தொடுகிறவள்

"அக்கா, இடது கையைத் தூக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு நர்ஸ் காத்திருந்தாள்.

கட்டிலில் கிடந்தவள் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள். சரி என்று அர்த்தம்.

கதவு நிலையில் சாய்ந்து நின்ற அவள் புருஷனுக்கு, ரிட்டயரான ஹெட் கிளார்க்குக்கு, பற்றிக்கொண்டு வந்தது.

பேச்சும் போய், கை காலும் போய் எட்டு மாதம். கண் மட்டும்தான் மிச்சம். தானாக அசையாத கையைத் தூக்க அனுமதி வேறயா?

அனுமதி என்றால் என்னவென்று அவருக்கா தெரியாது? முப்பது வருடம் லீவு கேட்டு அவர் மேஜை முன்னால் நின்றவர்கள் எத்தனை பேர். ஆபீஸிலும் வீட்டிலும் அவரிடம் கேட்பார்கள். அவர் யாரிடமும் கேட்டதில்லை.

இவள் வந்து பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. வந்த அன்றே கட்டிலைப் பார்த்து, "அக்கான்னு கூப்பிடவா, அம்மான்னு கூப்பிடவா?" என்றாள். "அம்மான்னே கூப்பிடு" என்றார் இவர்.

"நான் அவங்களைத்தான் கேட்டேன் சார்."

'அக்கா'வுக்குக் கண் மூடித் திறந்தது. அறுபத்திரண்டு வயதில் அக்கா.

அதுகூடப் போகட்டும். இப்போதெல்லாம் இவள் வருகிற ஒன்பதரை மணி ஆனால் மனைவியின் கண் கதவுக்குப் போய்விடுகிறது. கல்யாணமான புதிதில்கூடத் தனக்காக அந்தக் கண் இப்படிக் காத்துக் கிடந்ததாக அவருக்கு ஞாபகமில்லை.

எட்டு மாதம் பீ மூத்திரம் அள்ளியது யார்? இவளா?

தினமும் குளிப்பாட்டியது அவர்தான். இந்தக் கேள்வி பதிலெல்லாம் கிடையாது. புரட்டி, தேய்த்து, துடைத்து, மடமடவென்று இருபது நிமிடத்தில் ஆளைத் தயார் பண்ணிவிடுவார். அவளும் தன் பாட்டுக்கு ஜன்னலைப் பார்த்தபடி கிடப்பாள். அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தவிர அங்கே ஒரு மண்ணும் இல்லை. இருந்தாலும் ஆசையாகப் பார்க்கிறாளே என்று கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டார். வாரம் தவறாமல் கண்ணாடியைத் துடைத்தார். அந்த அக்கறை எந்த நர்ஸுக்கு வரும்?

நர்ஸை வைத்துப் பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்ட கெடு இன்றோடு முடிகிறது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பழையபடி அவரும் அவளும்தான். வார்த்தையை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, முதுகுப் பக்கம் திருப்பட்டுமா?"

"ஏம்மா, அவ மூச்சு விடறதுக்கும் இப்படித்தான் கேப்பியா?"

"அது அவங்க வேலை சார். தொடறது என் வேலை, அதனால கேக்கறேன்." துணியைப் பிழிந்தாள். "கேக்காமத் தொட்டா என் லைசென்ஸ் போயிடும். போகாதுன்னாலும் கேப்பேன்."

வாய்க்கு ஒன்றும் குறைச்சலில்லை.

முதுகைத் துடைத்து, மெதுவாக மல்லாத்தி, தலைமாட்டில் வாளியை வைத்தாள். "இன்னைக்குத் தலைக்கு ஊத்தட்டுமாக்கா?"

மனைவியின் கண்மணிகள் நகர்ந்தன. ஜன்னலில் போய் நின்றன.

நர்ஸ் எடுத்த குவளையைத் திரும்ப வாளிக்குள் போட்டாள்.

"அவ வேடிக்கை பாக்கறா. நீ ஊத்தும்மா."

"இல்ல சார். வேண்டாம்னு சொல்றாங்க. பிடிக்கலைன்னா ஜன்னல் பக்கம் பாப்பாங்க."

"ஓகோ. அதுவும் நீ சொல்லிக் குடுத்த பாடம்தானா?"

"கண்ணை மூடித் திறக்கறது மட்டும்தான் நான் சொன்னது." ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே, அவரைக் குத்திக்காட்டுகிற எண்ணம் எதுவும் இல்லாமல் சொன்னாள். "இது நான் வர்றதுக்கு முன்னாடியே அவங்களா வெச்சிருந்தது சார்."

நாக்கு நுனியில் இருந்த வார்த்தை எந்தப் பக்கம் போனதென்று தெரியவில்லை. எட்டு மாதம். தினமும் இருபது நிமிடம்.

நர்ஸ் அதற்குள் அடுத்த வேலைக்குப் போய்விட்டாள். உலர்ந்த நைட்டியை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, போர்வையின் விளிம்பைப் பிடித்தபடி குனிந்தாள்.

"அக்கா, துணி மாத்தறப்ப சார் இங்க இருக்கலாமா?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

ஹெட் கிளார்க் காத்திருக்கவில்லை. தரையைப் பார்த்தபடியே வெளியே வந்து, சத்தம் வராமல் கதவைச் சாத்தினார்.