சுந்தரவல்லியின் மணிக்கட்டு

சுந்தரவல்லி மணிக்கட்டை மூக்கருகே கொண்டுபோனாள். உடனே கையை இறக்கிவிட்டாள்.

புளித்திருந்தது.

காலை ஒன்பதரைக்குத் தடவிய எண்ணெய். இப்போது மணி பதினொன்றரை. இந்நேரம் கேக் டப்பாவைத் திறந்த மாதிரி மணக்க வேண்டும். ஈரக் கையில் ரொம்ப நேரம் பிடித்திருந்த சில்லறையின் வாடைதான் வந்தது.

எதிரே முதலாளி பத்ரிநாராயணன் நின்றிருந்தார். அவர் தோளுக்குப் பக்கத்தில், எண்ணெய் கலக்கும் காலேப்.

திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறைகளுக்கு நடுவே இருக்கும் சின்ன சென்ட் கம்பெனி அது. வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் கலக்கும் இந்த எண்ணெய்க்கு 'டிசம்பர்' என்று பெயர். மார்கழி பஜனைக்குப் போகிறவர்களும் வாங்குவார்கள், கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் போகிறவர்களும் வாங்குவார்கள் என்று யோசித்து பத்ரிநாராயணன் வைத்த பெயர்.

தடவியதும் கமலா ஆரஞ்சை உரித்த வாசனை வரும். அது கால்மணி நேரம்கூட நிற்காது. பிறகு பட்டை, கிராம்பு. உடம்புச் சூட்டில் அந்தக் காரம் மெல்ல அடங்கி, வெனிலாவும் உலர்ந்த திராட்சையுமாக இளகும். சாயங்காலம் மிஞ்சுவது சாம்பிராணி. அதுவும் சட்டைக் கையை மடிக்கும்போது மட்டும் லேசாகத் தெரியும்.

பாட்டிலில் எல்லா எண்ணெயும் நன்றாகத்தான் மணக்கும், தோலில் போட்டால்தான் உண்மை தெரியும் என்பார் பத்ரிநாராயணன். ஒன்பது வருஷமாக அந்தத் தோல் சுந்தரவல்லியுடையது. அவள் பேக்கிங்கில் இருப்பவள்தான். ஆனாலும் அவள் மணிக்கட்டில் தேறாத எந்தக் கலவையும் கடைக்குப் போனதில்லை.

முதலாளி அவள் கையைப் பிடித்து, குனிந்து முகர்ந்தார். முகம் சுருங்கியது.

"நாப்பது லிட்டர், காலேப். நாளைக்கு டெலிவரி. எதைத் தப்பாப் போட்ட?"

"அளவு எதுவும் மாறல சார்."

"சுந்தரவல்லி கை பொய் சொல்லாது."

காலேப் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. எதையும் இரண்டு தடவை எடை பார்த்து ஊற்றுகிறவன். அவன் இன்னும் ஏதாவது சொல்வான் என்று சுந்தரவல்லி காத்திருந்தாள். வேறு யார் கையிலாவது தடவிப் பாருங்கள் என்றாவது கேட்டிருக்கலாம். அவன் அவளை ஒருமுறை பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"இன்னியோட நின்னுக்கோ" என்றார் முதலாளி.

காலேப் முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் ஏப்ரன் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தான்.

கலவையில் தப்பில்லை. அது அவளுக்குத் தெரிந்து முழுதாக ஒரு நிமிஷம் ஆகிவிட்டது.

சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும். மத்தியானம் பேக்கிங்கில் இருக்கும் நாலு பேரும் ஒருவர் டப்பாவிலிருந்து ஒருவர் குழம்பு எடுத்துக்கொள்வது நிற்கும். தண்ணீர் டம்ளர் தனியாகும். அப்புறம் வேலையே இருக்குமோ என்னவோ.

முடிச்சு இறுகியிருந்தது. காலேப்பின் விரல்கள் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன.

"சார், என் கைதான் பொய் சொல்லுது."

பத்ரிநாராயணன் நிமிர்ந்தார்.

"டைஃபாய்டுன்னு சொல்லி லீவு போட்டேனே, அது டைஃபாய்டு இல்ல சார். டிபி. ஆறு வாரமா மாத்திரை சாப்பிடுறேன். அதுல வேர்வையே செவப்பா வருது, ஜாக்கெட்டெல்லாம் கறை. எண்ணெய் புளிக்கிறதும் அதனாலதான். இனிமே பரவாதுன்னு டாக்டர் சொன்னப்புறம்தான் வேலைக்கு வந்தேன்."

பேக்கிங் மேஜையில் கைகள் நின்றன. யாரோ நாற்காலியைப் பின்னால் இழுத்தார்கள்.

முதலாளி அவள் கையை இன்னும் பிடித்திருந்தார். விட்டுவிட்டு வேட்டியில் துடைத்துக்கொள்வார் என்று அவள் நினைத்தாள்.

"மாத்திரைய விடாம சாப்பிடுறியா?"

"சாப்பிடுறேன் சார்."

"ஒரு நாள்கூட விட்றாத" என்றார். பிறகுதான் கையை விட்டார். "ஜென்சி, நீ வா. கைய நீட்டு."

பேக்கிங்கிலேயே வேலை செய்யும் ஜென்சி தயங்கித் தயங்கி வந்தாள். மத்தியானம் ஒன்றரை மணிக்குள் அவளைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் அவள் கையை மாறி மாறி முகர்ந்துகொண்டிருந்தார்கள். திராட்சை, வெனிலா, எல்லாம் சரியாக வந்திருந்தது. முதலாளி காலேப்பிடம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. பாட்டிலில் ஊற்றச் சொன்னார். அவனுக்கு டீயைத் தானே கொண்டுவந்து வைத்தார்.

சுந்தரவல்லி சாப்பாட்டு டப்பாவோடு பின்பக்கம் போய் ஜெனரேட்டர் அருகே தனியாக உட்கார்ந்தாள். சாப்பிட ஓடவில்லை. கொஞ்ச நேரத்தில் காலேப் வந்து, ஒரு காலி டின்னைக் கவிழ்த்துப் போட்டு எதிரே உட்கார்ந்தான்.

"யூனிஸுக்கும் போன வருஷம் இதே மாத்திரைதான்க்கா. கிறிஸ்துமஸுக்கு ஆசையா ஒரு அத்தர் வாங்கிக் குடுத்தேன். அவ மேல போட்டு ஒரு மணி நேரத்துல புளிச்சுப் போச்சு."

யூனிஸ் அவன் மனைவி.

சுந்தரவல்லி அவனையே பார்த்தாள். "அப்போ காலையிலயே உனக்கு..."

"தெரியும்க்கா. போன மாசம் உங்கள சானடோரியம் டிபி ஆஸ்பத்திரில மாத்திரை க்யூவுலயும் பாத்தேன்."

"இன்னாபா நீ? வேலையே போவ இருந்துச்சு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

காலேப் டீ கிளாஸைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"யூனிஸ் வேலை பாத்த எடத்துல, அவ வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி வேற யாரோ சொல்லிட்டாங்கக்கா" என்றான். "அதுக்கப்புறம் அவ வூட்டவுட்டே வெளிய வர்றதில்ல."