ராணி ரவிக்கை

வத்தலக்குண்டிலிருந்து மாப்பிள்ளை போட்டோவோடு வந்த கனகா, திண்டுக்கல்லில் தனியாகக் குடியிருக்கும் தங்கை வீட்டுக் கட்டிலைப் பார்த்ததும் தலையில் கை வைத்தாள். கட்டில் முழுக்க அந்தக் காலத்து உடுப்புகள்.

"இந்த வருசம் எனக்குன்னு தைச்சது அம்புட்டும் இதான்க்கா. பாத்துச் சொல்லு" என்றாள் நாகஜோதி.

"லீவு நாளெல்லாம் மெசினே கதின்னு கெட. இந்த மாப்பிள்ளையையும் வேணாம்னா, இனிமே நான் பாக்க மாட்டேன்."

நாகஜோதி காதில் வாங்கவே இல்லை.

"இது வெள்ளைக்காரன் காலத்துப் பஃப் கை ஜாக்கெட். கை கோணிக்கிருச்சு. இது ஜமீன் வீட்டுப் பாவாடை. மடிப்பு சரியா விழல. கடைசியாத் தைச்சதுதான் இந்த நாயக்கர் காலத்து ராணி ரவிக்கை. இம்புட்டு அழகா எதுவுமே வந்ததில்லக்கா."

அதைப் போட்டு எடுத்த படத்தையும் செல்போனில் காட்டினாள். முதுகைக் காட்டி ஒயிலாக நின்றிருந்தாள். கனகாவுக்கே ஆசையாக இருந்தது. அப்புறம்தான் கவனித்தாள். மற்ற எல்லாவற்றிலும் முன்பக்கம் கொக்கி. இதில் மட்டும் நடு முதுகில் நாடா, அதில் மூன்று முடிச்சு.

"ஏன்டி, கை எட்டாத எடத்துல மூணு முடிச்சை எப்பிடிப் போட்ட?"

நாகஜோதியின் முகம் சிவந்தது.

"நான் போடல. எங்க ஆபீஸ் மதன்குமார் போட்டாரு."

"எவன்டி அவன்?" கனகா எழுந்தேவிட்டாள்.

"கத்தாதக்கா. தை மாசம் இன்னொரு மூணு முடிச்சும் போடுறேன்னு சொல்லியிருக்காரு!"