நரிப்பொற்றைவிளைக்கு வாரிசு யார்?

“அது எனக்க பங்காக்கும், தொடப்பிடாது!”

“ஏட்டி, கெட்டிக் குடுத்து அனுப்புனவளுக்கு என்னட்டி பங்கு?”

குலசேகரத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு முற்றம். கத்தியவள் பகவதியம்மாள். எதிரில் கத்தியவர் கூடப்பிறந்த அண்ணன் பொன்னுலிங்கம். அஞ்சுகிராமத்தில் பாத்திரக்கடை. பலா பழுக்கும்போதும் சொத்துப் பேச்சு எழும்போதும் மட்டும் அவருக்குச் சொந்த ஊர் ஞாபகம் வரும். தங்கச்சி கையில் இருப்பதைப் பிடுங்காவிட்டால் சின்ன வயதிலேயே அவருக்கு உறக்கம் வராது என்பார்கள். நமக்கெதற்கு அந்தக் கதை?

பாட்டன் காலத்துப் பாகபத்திரத்தில் ‘நரிப்பொற்றைவிளை’ என்று ஒரு நிலம் இருந்தது. பத்திரத்தில் மட்டும்தான் இருந்தது. சர்வே எண் வந்த பிறகு பழைய விளைப் பெயர்கள் ஊர் வாயிலிருந்தே போய்விட்டன. பொற்றை என்றால் சிறு குன்று. சுற்றிலும் எத்தனையோ பொற்றை, எது நரிப்பொற்றை?

அதைக் கண்டுபிடிக்க, பழைய பத்திரங்களை வாசித்துக் குடும்ப வரலாறு எழுதிக்கொடுக்கும் ததேயுஸைக் கூட்டி வந்தவளே பகவதியம்மாள்தான். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டவள் என்று அக்கம்பக்கம் சிரித்தது.

ததேயுஸ் பத்திரத்தை மூக்குக்கு நேரே பிடித்து வாசித்தார். “வடக்க தண்ணி ஓடுத தோடு, தெக்க சுமைதாங்கிக் கல்லு. ரெண்டும் இப்பவும் நிக்கு. எடையில கெடக்கதுதான் இது.”

எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். ரோட்டோரம், தோசைக்கல் மாதிரிச் சமமாக, ஒன்றரை ஏக்கர். பொன்னுலிங்கத்துக்குக் கண் விரிந்தது.

“பொற்றைய எங்க ஓய்?”

“யாரோ இடிச்சு நெரத்தியாச்சு. நெரத்துனது யாரோ, அவங்களுக்குத்தான் அனுபவ பாத்தியம் பலமா நிக்கும்.”

“எனக்க மவன் சுயம்புராஜாக்கும் நெரத்துனான்!” என்று பகவதியம்மாள் பாய்ந்தாள்.

பக்கத்தில் நின்ற சுயம்புராஜ் தலையைக் குனிந்துகொண்டான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

“இவனா?” பொன்னுலிங்கம் கையைத் தட்டிச் சிரித்தார். “இவனுக்கு ஒரு வாழைக்குழி வெட்டத் தெரியுமாட்டி? நெரத்துனது நானாக்கும். மண்ண வித்ததும் நானாக்கும். எனக்க சொத்து, எனக்க மண்ணு. எவன் கேப்பான்?”

பிறகு ததேயுஸை ரோட்டோரப் பலாமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போய் ஏதோ குசுகுசுத்தார். திரும்பி வந்த ததேயுஸ், “சொன்னத அப்படியே எழுதி ஒப்புப் போட்டு பட்டாவுக்குக் குடுங்க, போதும்” என்றார். கூட்டத்துக்குப் புரிந்துவிட்டது. ஆளை விலைக்கு வாங்கியாச்சு.

பொன்னுலிங்கம் இரண்டு சாட்சிகளோடு எழுதிக் கொடுத்தார். பகவதியம்மாள் மூக்கைச் சிந்தினாள். “எல்லாத்தையும் நீயே எடுத்துக்கோ அண்ணே. எனக்கும் எனக்க மவனுக்கும் அந்த எடத்துல ஒண்ணும் இல்ல” என்று அவளும் ஒப்புப் போட்டாள். ஊரே உச்சுக்கொட்டியது.

அடுத்த வாரம் ஜீப் வந்தது. பட்டா கொடுக்க அல்ல.

அனுமதி இல்லாமல் ஒரு பொற்றையையே இடித்துக் கேரளத்துக்கு மண் கடத்தியது யாரென்று தெரியாமல் அதிகாரிகள் இரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சேதி அஞ்சுகிராமத்துப் பாத்திரக்கடை வரைக்கும் எட்டவில்லை போலிருக்கிறது.

“ஐயோ, நான் ஒரு மம்பட்டி கூடத் தொட்டதில்ல சார்! சொத்துக்காகச் சொன்னதாக்கும்!”

“எல்லாவனும் இப்படித்தான் சொல்லுவான். ஏறும்.”

ஆளில்லாமல் கிடந்த வழக்குக்கு ஒருவழியாக ஆள் கிடைத்துவிட்டது.

சுயம்புராஜ் அந்தப் பொற்றையைச் சுமந்த தன் இரண்டு டிப்பர் லாரிகளையும் சத்தமில்லாமல் விற்றுவிட்டு, ஆவணியில் மார்த்தாண்டத்துப் பெண்ணைக் கட்டி, அம்மையையும் கூட்டிக்கொண்டு கேரள எல்லை தாண்டி, பாறசாலைக்கு அந்தப் பக்கம் குடிபோய்விட்டான்.