ஈட்டிக் கட்டில்

ஜீப்பிலிருந்து வன அதிகாரி இறங்குவதற்கு முன்பே அவர் குரல் இறங்கிவிட்டது.

“காட்டுல ஒரு மரம் சாய்ஞ்சா, ஊருல ஒரு டிகிரி வெயில் ஏறும்! ஞாபகம் வெச்சுக்கோங்க!”

தெருவில் யாரும் எதையும் சாய்க்கவில்லை. போன வாரம் பள்ளிக்கூடத்தில் பேசிய பேச்சின் மிச்சம் அது.

பின்னாலேயே மரப் பரிசோதகர் இறங்கினார். தலைமை அலுவலகம் அனுப்பிய பெண். கையில் சின்ன உளியும் பூதக்கண்ணாடியும். இந்த மரச்சாமான் கடையில் காட்டு ஈட்டி மரத்தைத் திருட்டுத்தனமாக வெட்டிக் கட்டிலும் மேஜையும் செய்து விற்கிறார்கள் என்று, அதிகாரியைத் தாண்டி மேலிடத்துக்கே புகார் போயிருந்தது. உண்மையென்றால் கடைக்குச் சீல், முதலாளிக்குச் சிறை.

கறுத்துப் பளபளத்த கட்டிலுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார் முதலாளி.

“தொடாதீங்கம்மா, வார்னிஷ் காயலை.”

பரிசோதகர் விரலால் தடவிப் பார்த்தார். “காய்ஞ்சு ஒரு மாசம் இருக்கும்போலிருக்கே!”

அதிகாரி குறுக்கே வந்தார். “பார்த்தாலே தெரியலையாம்மா? ஈட்டியும் இல்லை, ஒண்ணும் இல்லை. பாவம், நல்ல மனுஷன். எழுதிக் கொடுத்துட்டுக் கிளம்புவோம்.”

“கீறிப் பார்க்காம எப்படி சார் எழுதறது?”

“மரத்துக்கும் உயிர் இருக்கில்லையா?”

“கட்டிலான பிறகுமா சார்?”

அதிகாரி முதலாளியைப் பார்த்தார். முதலாளி அதிகாரியைப் பார்த்தார். பிறகு இருவரும் சேர்ந்து சுவரைப் பார்த்தார்கள். கூட்டுக் களவாணிகள் என்று பரிசோதகருக்குப் புரிந்துபோயிற்று. கட்டில் காலருகே குந்தி உளியை வைத்தார்.

“அம்மா, ஒத்துக்கறேன்! ஈட்டிதான். என்னைப் பிடிச்சுட்டுப் போங்க. கீற மட்டும் கீறாதீங்க!” என்று அலறினார் முதலாளி.

“யோவ், வாயை மூடு!” என்று அதிகாரியும் அலறினார்.

உளி இறங்கியது. கறுப்பு பட்டையாக உரிந்து வந்தது. உள்ளே வெளிறிய மரம்.

பூதக்கண்ணாடி மேஜைக்குப் போனது, அலமாரிக்குப் போனது. எல்லாம் அதே கதை.

பரிசோதகர் முகம் மலர எழுந்தார். “சார், இது தோப்புல வளர்க்கிற மலைவேம்பு. மேல வெறும் சாயம். வர்ற வழியில இவர் மச்சானோடதுன்னு நீங்க காட்டின தோப்பைப் பார்த்தேன். வெட்டின இடத்துல எல்லாம் புதுக் கன்னு நட்டிருக்காங்க. காட்டுல ஒரு குச்சிகூட ஒடிக்கலை. இப்படி நாலு பேர் இருந்தா காடு பிழைச்சுக்கும். பத்திரிகையில போடச் சொல்றேன்.”

விடுதலையான முதலாளி பொத்தென்று மரத்தூளில் உட்கார்ந்துவிட்டார்.

“பத்திரிகை எல்லாம் வேண்டாம்மா... நம்ம வாடிக்கையெல்லாம் பெரிய மனுஷங்க... காதுல விழுந்தா என் தோலை உரிச்சிடுவாங்க.”

“இவ்வளவு அடக்கமா!” என்று வியந்தார் பரிசோதகர். “சார், உங்களையும் தப்பா நினைச்சுட்டேன். மன்னிச்சுக்கோங்க” என்று சொல்லிவிட்டு ஜீப்பை நோக்கி நடந்தார்.

அதிகாரி கடைக் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து முதலாளியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். காட்டுக்காகப் பேசியபோதுகூட அவர் குரல் இப்படித் தழுதழுத்ததில்லை.

“டேய், நடுக்காட்டுல வெட்டின அசல் திருட்டு ஈட்டின்னு சத்தியம் பண்ணி, சம்பந்தி வீட்டுக்குக் கொடுக்கன்னு ஒரு கட்டிலை என் தலையில கட்டினியே... அது?”