ரோல்ஸ் தட்டோடு நின்றவள்

"கலியாணம் முடிச்ச ஆக்கள் எல்லாரும் எழும்பி நிக்கட்டாம்" என்றாள் மணப்பெண் சுபோதினி. கத்தரின் இங்கிலிஷில் சொன்னதை அவள் தமிழில் திருப்பிச் சொன்னாள்.

லண்டன் தோர்ண்டன் ஹீத் வீட்டின் முன்னறையில் பட்டுச்சேலைகள் சரசரத்தன.

மணப்பெண்ணின் தாய் தவநாயகி அப்போதுதான் ரோல்ஸ் தட்டோடு குசினியிலிருந்து வந்தாள். நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

கத்தரின், சுபோதினியோடு குரோய்டனில் வேலை செய்பவள். கலியாணத்துக்குமுன் பெண்கள் மட்டும் கூடிக் கொண்டாடும் பிரைடல் ஷவர் வைக்காமல் ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுப்பதா என்று ஒற்றைக்காலில் நின்றாள். பலூன் ஊதுவதிலிருந்து விளையாட்டு வரை எல்லாம் அவள் பொறுப்பு.

அது 1993. அப்படி ஒன்று இருப்பதே அங்குள்ள நம் பெண்களுக்கு அப்போதுதான் தெரியும். என்ன உடுப்பது என்று விளங்காமல், எதற்கும் இருக்கட்டும் என்று காஞ்சிபுரத்தில் வந்து இறங்கிவிட்டார்கள். மணப்பெண் மட்டும் ஜீன்ஸ் போட்டிருந்தாள்.

தவநாயகிக்கு இந்த ஷவர் பிடித்திருந்தது. விளக்கில்லை, ஐயரில்லை, நல்லநேரம் பார்க்கத் தேவையில்லை. யார் முன்னுக்கு நிற்பது, யார் பின்னுக்கு நிற்பது என்ற பேச்சும் இல்லை.

கலியாணத்தில் அந்தப் பேச்சு இருந்தது. அன்று காலை மணப்பெண்ணை முழுகவார்க்குமுன் தலையில் பாலும் அறுகும் வைப்பார்கள். முதல் அறுகு பெற்றவர்களுடையது, சோடியாக வைப்பது. அதை யார் வைக்கிறார்கள் என்று மாப்பிள்ளையின் தாய் பாலாம்பிகை டெலிபோனில் சும்மாதான் கேட்டார். எட்மண்டனில் இருக்கிற தன் தமையனும் மனைவியும் வைப்பார்கள் என்று தவநாயகி முந்திக்கொண்டு சொன்னாள்.

போனை வைத்துவிட்டு அழுதாள். பெற்ற பிள்ளையின் தலையில் ஒரு கிள்ளு அறுகு வைக்க அவளுக்கு அவ்வளவு ஆசை.

அவளுடைய கணவர் சபாரத்தினம் எண்பத்தைந்தில் ஊரில் ஒருநாள் காலை கந்தோர் வேலைக்கென்று சைக்கிளில் வெளிக்கிட்டவர். ஆமி பிடித்துக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். அதற்குமேல் ஒரு சேதியும் இல்லை. உடலும் இல்லை, செத்தவீடும் இல்லை. அவள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு லண்டனுக்கு வந்தாள். தாலியைக் கழற்றவில்லை, சட்டைக்குள் விட்டுக்கொண்டாள். குங்குமத்துக்குப் பதிலாகச் சின்னதாக ஒரு கறுப்புப் பொட்டு.

நல்ல காரியங்களில் யாரும் அவளை ஒதுக்கியதில்லை. அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி அவளாகவே குசினிக்குள் போய்விடுவாள். அது எல்லாருக்கும் வசதியாக இருந்தது.

கலியாணம் முடித்து ஐந்து வருசம் ஆகாதவர்கள் உட்காரலாம் என்றாள் கத்தரின். இளசுகள் சிரித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

ஐந்தாம் வருசம் சபாரத்தினம் ஒரு ரேடியோ வாங்கினார். தூசி படக்கூடாதென்று அவளுடைய நல்ல சேலை ஒன்றை வெட்டி அதற்கு உறை போட்டார். அவள் அவரோடு கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள்.

பத்து.

பத்தாம் வருசம் டவுனுக்கு ஐஸ்கிரீம் குடிக்கக் கூட்டிப்போனார். தன்னுடையதை முடித்துவிட்டு, கூச்சமே இல்லாமல் அவளுடைய கோப்பைக்குள்ளும் கரண்டியைப் போட்டார்.

பதினைந்து. இன்னும் சிலர் உட்கார்ந்தார்கள்.

அந்த வருசம் அவருடைய மீசையில் முதல் நரை. அவள் பிடித்துப் பிடுங்க, அவர் போட்ட கத்தலில் சுபோதினி பள்ளிக்கூடப் புத்தகத்தை எறிந்துவிட்டு ஓடி வந்தாள். எவ்வளவு சந்தோசமாக இருந்தார்கள்!

இருபது என்றாள் கத்தரின்.

இருபதாம் வருசத்தில் நினைக்க அவளிடம் ஒன்றும் இல்லை.

தட்டை வைக்க இடம் தேடினாள். பக்கத்திலேயே ஒரு கதிரை காலியாக இருந்தது. அறையில் சிரிப்பு அடங்கிவிட்டது. ஒன்றும் விளங்காதவள் கத்தரின் ஒருத்திதான். சுபோதினி தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தவநாயகி உட்காரவில்லை.

அவர் இல்லை என்று யார் வந்து சொன்னது? அவர் படலையைத் திறந்துகொண்டு வரும்வரை, அல்லது இனி வரமாட்டார் என்று ஒருவன் முகத்துக்கு நேரே சொல்லும்வரை, அவள் சபாரத்தினத்தின் மனைவிதானே. தட்டு சரிந்தது. தட்டில் ரோல்ஸ் ஒரு பக்கமாக உருண்டன. அவள் தட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது நின்றவர்கள் இரண்டே பேர். மற்றவர் பாலாம்பிகை.

இருபத்தைந்து என்றாள் கத்தரின்.

பாலாம்பிகை தவநாயகியைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். சட்டைக் கழுத்துக்குள் ஒளிந்திருந்த தாலிக்கொடியையும் பார்த்தார். பிறகு சேலைக் கொய்யகத்தைக் கையால் ஒதுக்கிக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"எனக்கு இன்னும் இருபத்தைஞ்சு ஆகேல்லை. மூத்த சோடி அவைதான். முதல் அறுகை அவவே வைக்கட்டும்."

கத்தரின் கைதட்டினாள். மற்றவர்களும் தட்டினார்கள். சுபோதினி எழும்பிப் போய்த் தாயின் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டாள்.

போன தை மாதம்தான் பாலாம்பிகையின் முப்பதாவது கலியாண நாளை மண்டபம் எடுத்துக் கொண்டாடினார்கள். அந்த அறையில் இருந்த எல்லாரும் அன்று கேக் தின்றவர்கள்.