ஐந்து மணி வண்டி

தெருவில் யார் என்ன மாத்திரை தின்றாலும், அது உடம்பில் என்ன செய்கிறது என்று வாரம் ஒருமுறை வீடுவீடாகக் கேட்டு, சொன்னதைச் சொன்னபடியே சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவைப்பது ரெஜினாவின் வேலை. ஒரு மாத்திரையைப் பற்றி மூன்று பேர் ஒரே தொந்தரவைச் சொல்லிவிட்டால், மறுநாளே அதை நிறுத்திவிடுவார்கள்.

இந்த வாரம் எதிர்வீட்டுத் திரேசம்மாள் கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

“பிரஷர் மாத்திரைய மாத்துனதுல இருந்து, சாயங்காலமானா எங்க வீட்டுக்காரர் இருமுத சத்தம் கேக்கு. அவிய செத்து ஆறு வருசம் ஆச்சு. முந்தாநாள் வாசல்ல கேட்டுச்சேன்னு ஓடுனேன், படியில விழுந்துட்டேன். எழுதிக்கோ ரெஜினா.”

ரெஜினா எழுதிக்கொண்டாள். போன வாரம் பின்தெருக்காரர் ஒருவரும் இதையே சொல்லியிருந்தார். இது இரண்டாவது.

மூன்றாவது அவளேதான். அதே மாத்திரையைத் தின்னத் தொடங்கிய நாளிலிருந்து, இறந்துபோன கணவன் மிக்கேலின் பைக் தினமும் ஐந்து மணிக்கு வாசலில் வந்து நிற்கிறது. ஸ்டாண்டு போடும் சத்தம்கூடக் கேட்கும். தன் பெயருக்கு எதிரே வாராவாரம் ‘தொந்தரவு இல்லை’ என்றே எழுதிவந்தாள். அவளைப் பொறுத்தவரை அது பொய்யும் இல்லை.

வீட்டுக்கு வந்தவள் தன்னுடையதையும் சேர்த்து எல்லாவற்றையும் ஒளிக்காமல் போனில் எழுதினாள். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. மணி ஐந்தாக நான்கு நிமிடம் இருந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தலையை வாரிக்கொண்டு, வாசற்கதவைத் திறந்துவைத்தாள்.

வண்டி வந்து நின்றது.

“வந்துட்டியளா” என்று கேட்டுவிட்டு, போனை எடுத்து எழுதியதை அனுப்பினாள்.