பழைய கம்பியே போதும்

"வெட்டாதய்யா! வெட்டினா துண்டு துண்டாப் போயிடும். ஒவ்வொரு கட்டா அவுத்து எடு."

வேலிக்காரர் கையிலிருந்த குறடு பாதி வழியில் நின்றது.

"ஐயா, இது பழைய முள்கம்பி. பழைய இரும்புக்குத்தான் போகும். வெட்டிச் சுருட்டினா ஒரு மணி நேர வேலை. நீங்க சொல்ற மாதிரி அவுத்தா சாயங்காலம் ஆயிடும்."

"ஆகட்டும். ஒரு முழம்கூட வீணாகக் கூடாது."

இவர் எப்பவுமே இப்படித்தானா என்று வேலிக்காரர் வீட்டுக்காரம்மாவைக் கண்ணாலேயே கேட்டார். அவள் கண் தூரத்தில், ஒன்பதாவது கல்தூணில் இருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் அவள் நாத்தனாரின் நிலம். அப்பா போனபின் பாகம் பிரித்ததில் கிணறு அண்ணன் பக்கம் வந்துவிட்டது. வாய்ச்சண்டை முற்றி, ஆறு வருடமாக அண்ணனும் தங்கையும் பேசுவதில்லை. தங்கையிடம் ஒரு பசுவும் கன்றும். தண்ணீருக்கு அரை மைல் நடக்க வேண்டும்.

மூன்று வருடமாக அவள் நடப்பதில்லை. மதியம் அண்ணன் சாப்பிட்டுப் படுத்ததும், ஒன்பதாவது தூணுக்கும் பத்தாவது தூணுக்கும் நடுவே வாளியோடு குனிந்து இந்தப் பக்கம் வந்துவிடுவாள். முதுகு கிழியாமலிருக்க, அங்கே கம்பி முட்களின் மேல் துணி சுற்றிக் கட்டியது அண்ணிதான். மஞ்சள் பூப்போட்ட தலையணை உறை. கட்டியதோடு சரி, சந்தேகம் வருமென்று அப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

இன்றைக்கு வீட்டுக்காரர் கம்பியை அவிழ்த்துக்கொண்டே ஒவ்வொரு தூணாக வந்துகொண்டிருக்கிறார். இப்போது மூன்று.

"என்னங்க, நான் அந்தக் கோடியிலேருந்து அவுத்துட்டு வரட்டுமா? சீக்கிரம் முடியுமே."

"நீ போய் உன் வேலையைப் பாரு. கையைக் கிழிச்சுக்கிட்டு நிப்பே."

"கையுறை போட்டுக்கறேன்."

"வேண்டாம்னா வேண்டாம். அங்க புல்லுக்குள்ள பாம்பு இருக்கு. நேத்துதான் பார்த்தேன்."

புதிதாகக் கட்டக் கொண்டுவந்திருந்த கம்பிவலைச் சுருள்மேல் உட்கார்ந்திருந்த வேலிக்காரர் சட்டென்று இரண்டு கால்களையும் மேலே தூக்கிக்கொண்டார்.

வீட்டுக்காரர் அவிழ்த்த கம்பியைப் பழைய சைக்கிள் சக்கரத்தில் சுற்றினார். சுண்டுவிரல் நீளக் கட்டுக்கம்பிகளைக்கூட நிமிர்த்தி டப்பாவில் போட்டார்.

"இவ்வளவையும் சேத்து வச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"சேத்து வைக்கிறதைப் பத்தி நீ பேசாதே. போன வருஷம் என் நீலக் கட்டம் போட்ட சட்டையைக் கொடியில காயப்போட்டுத் தொலைச்சவ நீ. அதுக்கு முன்னால ஒரு தலையணை உறை. காத்து கொண்டுபோச்சாம், காத்து!"

அவள் பேச்சை மாற்ற வேலிக்காரரிடம் திரும்பினாள்.

"புது வலையில எவ்வளவு சந்து இருக்கும்?"

"ரெண்டு விரல் போகும்மா. நாய்கூட நுழையாது."

"அதான் வேணும்." அவர் அந்தப் பக்கத்து மாட்டுக்கொட்டகையைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "ஈ எறும்பு நுழையக் கூடாது. கோழி திங்கிற நாயும் சரி, மத்ததும் சரி!"

கொட்டகையில் யாரோ காலி வாளியை நங்கென்று வைத்தார்கள்.

ஐந்து. ஆறு.

அவள் உள்ளே போனாள். அடுப்பைப் பற்றவைத்தாள். எதற்கென்று தெரியாமல் அணைத்தாள். வெளியே வந்தாள்.

ஏழு.

ஏழாவது தூணில் கம்பி துருவேறிக் கல்லோடு பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் குனிந்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். இதுதான் சமயம். பாம்பாவது பல்லியாவது! புல்லை மிதித்துக்கொண்டு ஓடினாள்.

"ஏய்! அங்க போகாதேன்னு சொன்னேனில்ல!"

அவர் குறடோடு பின்னாலேயே ஓடிவந்தார். அதைக் கவனிக்க அவளுக்கு நேரமில்லை. முடிச்சில் விரல் பட்டது. அவிழ்க்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

மஞ்சள் பூவைக் காணோம்.

நீலக் கட்டம். ஒரு முழுக்கைச் சட்டையின் கை, பொத்தானோடு, கம்பியைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது. ஓரத்தை விலக்கினாள். அடியில், வெயிலும் மழையும் தின்று நூல்நூலாகிப்போன மஞ்சள்.

அவர் மூச்சிரைக்க வந்து நின்றார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையில் குறடு திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"மத்தியானம் நீங்க தூங்கறதே இல்லையா?" என்றாள் மெதுவாக.

அதற்குள் வேலிக்காரர் அங்கிருந்து கத்தினார். "ஐயா, வலையை ஒரே இழுப்பா கடைசி வரைக்கும் கட்டிடட்டுமா?"

"ஒம்பது வரைக்கும் கட்டு. அப்புறம் பத்துலேருந்து கட்டு. நடுவுல பழைய கம்பியே போதும். அதுக்குத்தானே வெட்டாதேன்னேன்."

"அந்த வழியா நாய் வருமேய்யா!"

"வந்தா வரட்டும். நான் துரத்திக்கறேன்."

பிறகு, அவள் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"சட்டை நைஞ்சு போச்சு. வீட்டுல இன்னொரு தலையணை உறை இருந்தா எடுத்துட்டு வா."